ஏரி உள்வாயில் பட்டா நிலம்: மண் அடித்து வில்லா கட்ட விடலாமா?

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பா 1974-ல் கிரையம் வாங்கிய நிலம் 1 ஏக்கர் 40 சென்ட். இதில் 40 சென்ட் சாலையை ஒட்டிய மேடு. மீதி 1 ஏக்கர் ஊர் ஏரியின் உள்வாயில், அதாவது ஏரி நிரம்பும்போது தண்ணீர் நிற்கும் பகுதியில் இருக்கிறது. அம்மா, அப்பா இருவரும் இப்போது இல்லை; உயில் எதுவும் இல்லை. பட்டா இவர், இவருடைய தம்பி இருவர் பேரில் கூட்டாக இருக்கிறது. தங்கை ஒருவர் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார். தம்பிக்குத் தொழிலில் கடன். ஒரு புரோமோட்டர் வந்து, 'ஏரியைப் பார்த்த வில்லாக்கள் கட்டலாம், 60:40 ஜே.வி. (கூட்டு ஒப்பந்தம்) போடலாம்' என்கிறார். உள்வாய் நிலத்தை 5 அடி உயரத்துக்கு மண் அடித்து உயர்த்துவது, முன்னால் இருக்கும் ஏரிப் புறம்போக்கிலும் கொஞ்சம் நிரப்பி நடைபாதையும் படகுத் துறையும் அமைப்பது, கலங்கலை, அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறும் அமைப்பை, ஓர் அடி இறக்கி ஏரியின் நீர்மட்டத்தையே குறைத்துவிடுவது என்பது அவருடைய திட்டம். ஊராட்சியில் தீர்மானம் போட்டு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். தம்பி ஏற்கெனவே வெள்ளைத் தாளில் தான் மட்டும் கையெழுத்துப் போட்டு 5 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

'ஏரி பல வருஷமாகச் சரியாக நிரம்புவதில்லை. ஆயக்கட்டு (ஏரிப் பாசன நிலம்) முழுவதும் மனையாகிவிட்டது, பாசனமும் இல்லை. 2015-லும் 2021-லும் மட்டும் எங்கள் நிலத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பட்டா நிலம்தானே, வீட்டு வரி மாதிரி நிலவரியும் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். அரசாங்கமே எத்தனையோ ஏரிகளில் கட்டடம் கட்டவில்லையா? என் மகன் மட்டும் இது ராம்சார் சட்டப்படி தப்பு என்கிறான். நான் கையெழுத்துப் போடலாமா?' என்று கேட்கிறார்.

ஐயா, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதையும், அந்த 40 சென்ட்டை வைத்து என்ன செய்யலாம் என்பதையும் விரிவாகப் பார்ப்போம். தம்பியின் கடன் நிஜம் என்பதால், வெறும் 'கூடாது' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பட்டா இருந்தால் போதுமா?

ஏரி உள்வாயில் பட்டா நிலம் இருப்பது தமிழ்நாட்டில் அதிசயமில்லை. பழைய சர்வேயிலேயே பட்டாவாக இருந்தவை உண்டு. 1979-ல் தொடங்கி 80-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் சொல்லும் யு.டி.ஆரில், தவறிப்போய்ப் பட்டாவானவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. அப்பா வாங்கியது யு.டி.ஆருக்கு முன்பு என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம். ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. அந்தப் பழைய சர்வே எண், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 'ஏரி' என்றோ 'சர்க்கார் புறம்போக்கு' என்றோ இருந்தால், இன்றைய பட்டாவை ரத்து செய்ய வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுக்கலாம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அதன் 2-வது பிரிவிலேயே, தனியார் உரிமை நிரூபிக்கப்பட்டாலொழிய ஏரிப் படுகை அரசின் சொத்து என்று சொல்கிறது. வரி ரசீதும் மின் இணைப்பும் அனுபவத்தைக் காட்டலாம்; உரிமையைத் தந்துவிடாது.

சரி, பழைய பதிவேட்டிலும் பட்டா என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் உங்களுடையதுதான். ஆனால் ஏரி நிரம்பும்போது தண்ணீர் அதன்மேல் நிற்பதும் காலங்காலமாக நடந்துவருவது. உங்கள் அப்பா வாங்கும்போதே அந்தச் சுமையோடுதான் வாங்கினார். தண்ணீர் வற்றிய மாதங்களில் பயிர் செய்யலாம், புல் வளர்க்கலாம், ஆடு மாடு மேய்க்கலாம். தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்து, அந்தத் தண்ணீரை அடுத்தவர் நிலத்துக்குத் தள்ளும் உரிமையைப் பட்டா கொடுப்பதில்லை.

தள்ளுகிற தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 5 அடி உயர்த்தினால் 2,17,800 கன அடி, அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 2,178 யூனிட் மண். 3 யூனிட் டிப்பரில் 726 லோடு. மண் அமுங்குவதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அந்த இடத்தில் 5 அடி வரை நிற்கக்கூடிய சுமார் 62 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறெங்கோ போய் நிற்கும். கடிதத்தில், எதிர்ப்புறம் வரத்துக் கால்வாயை ஒட்டிப் புதிதாக வீடுகள் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் போகும். அடுத்த பெருமழையில் அந்த வீட்டுக்காரர்கள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால் எதிர்மனுதாரர் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும், புரோமோட்டருடையதாக அல்ல. அந்த 726 லோடு மண்ணுக்கும் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் இன்னொரு ஏரியில் தோண்டியதாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

'காய்ந்து கிடக்கிறது, பாசனமும் இல்லை'

இது பலரும் சொல்லும் வாதம். உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை கேட்டு நிராகரித்துவிட்டது. 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில், குளம் என்று பதிவான இடத்தின் ஒரு பகுதி தூர்ந்து சமதளமாகிவிட்டது, அதில் வீடு கட்ட ஒதுக்கியது சரி என்று வாதம் வைக்கப்பட்டது. நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்து, இடத்தைக் காலி செய்யச் சொன்னது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்கள், பணம் செலவழித்துவிட்டோம், வரைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றதோடு, எல்லா மாநிலங்களும் இப்படிப்பட்ட பொது இடங்களை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே, 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில், நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007-ல் வந்தது.

பாசனம் போனால் ஏரியின் வேலை போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. ஆயக்கட்டு மனையாகிவிட்ட ஊரில்தான் ஏரியின் தேவை கூடுகிறது. முன்பு வயல் குடித்த மழையை இப்போது கான்கிரீட் திருப்பி அனுப்புகிறது. அது வந்து சேர இடம் வேண்டும். நீங்களே எழுதிய இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் என்ன நடந்தது என்று உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'அரசாங்கமே கட்டியிருக்கிறதே' என்ற கேள்விக்கு வருகிறேன். உண்மைதான். தியாகராய நகரின் பெரும் பகுதி 1920-களில் நீண்ட ஏரியை வற்றவைத்து எழுப்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில்தான். எங்கள் வழக்கறிஞர்களே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு: நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரி கண்மாயில்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் இந்த வாதம் எடுபடாது. ஒருவருக்குச் சட்டவிரோதமாக ஒன்று கிடைத்துவிட்டது என்பதைக் காட்டி எனக்கும் அதைக் கொடு என்று அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவைச் சொல்லிக் கேட்க முடியாது. தவறில் சமத்துவம் கிடையாது என்பது நிலைத்துவிட்ட சட்டம்.

புரோமோட்டர் சொல்லும் மற்ற மூன்று விஷயங்கள்

ஊராட்சித் தீர்மானத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை. 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அது பராமரிப்புப் பொறுப்பு மட்டுமே. நீர்நிலைப் புறம்போக்கை வகை மாற்றவோ, தனியாரின் நடைபாதைக்கு ஒதுக்கவோ ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் அதிகாரமில்லை. புறம்போக்கில் கட்டும் படகுத் துறையை வில்லா வாங்குபவர்களுக்குப் பொது வசதி என்று விளம்பரம் செய்தால் அது இன்னொரு குற்றச்சாட்டுக்கு ஆதாரம்.

'புதுச் சட்டம் வந்துவிட்டது, ஏரியை மாற்றியமைக்கலாம்' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 2023-ஐத்தான் சொல்கிறார் போலிருக்கிறது. அந்தச் சட்டம் சரியா தவறா என்ற சண்டை தனி. எனக்கும் அதில் கடுமையான கருத்து உண்டு. ஆனால் அது குறைந்தது 100 ஹெக்டேர் பரப்புள்ள, அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவித்தவற்றுக்கு மட்டும்தான். 100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர். 1 ஏக்கர் வில்லாத் திட்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மூன்றாவதுதான் என்னைக் கலங்க வைத்தது. கலங்கலை ஓர் அடி இறக்குவது என்பது பேச்சுக்குக்கூட எடுக்கக் கூடாத விஷயம். ராத்திரியோடு ராத்திரியாகக் கடப்பாரையால் நாலு கல்லைப் பெயர்த்துவிட்டால் ஏரியின் கொள்ளளவே குறைந்துவிடும், உள்வாய் நிலமெல்லாம் கரையேறிவிடும். பல ஊர்களில் இப்படி நடந்திருக்கிறது. பாசன நீரைக் குறைக்கும் சேதமும், வெள்ளம் உண்டாக்கும் சேதமும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியவை. இதனால் லாபம் அடைபவர் யார் என்று போலீஸ் தேடினால், உள்வாயில் நிலம் வைத்திருப்பவரின் வீட்டுக்குத்தான் முதலில் வரும். இது பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது பேசியிருந்தால், 'இதற்கு எனக்குச் சம்மதமில்லை' என்று இன்றே எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

மகன் சொல்வது

உங்கள் மகனின் மனசு சரியான இடத்தில் இருக்கிறது. அவர் பிடித்த சட்டம்தான் சரியில்லை. உங்கள் மாவட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அதனால் எல்லா ஏரிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர்கள் கட்டிய நீர்நிலைகளைத் தங்கள் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். இது அந்த விதிகளின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆகவே யாராவது வழக்குப் போடுவதானால் 1905, 2007 சட்டங்களையும், மேலே சொன்ன தீர்ப்புகளையும் வைத்துத்தான் போட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே வழக்குக்குக் காரணம் எழுந்து 6 மாதத்துக்குள் மனு போடுவது பொது விதி.

ஜே.வி.யில் உங்கள் தலைமேல் விழுவது

பணம் போட்டுக் கட்டுவது புரோமோட்டர், நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தானே என்று தம்பி நினைக்கிறார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவருமே புரோமோட்டர்கள், இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. உங்கள் 40 சதவீதப் பங்கு வில்லாக்களை நீங்கள் விற்கும் நாளில் நீங்களும் புரோமோட்டர்தான். நில உரிமையில் குறை இருந்து வாங்கியவர் நஷ்டப்பட்டால் 18-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். அதற்குக் காலவரம்பு கிடையாது. 10 வருஷம், 15 வருஷம் கழித்துக்கூட உங்கள் பிள்ளைகளுக்கு வரும் சொத்தின்மேல் அந்தக் கோரிக்கை வரலாம்.

இடிக்க மாட்டார்கள், அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று புரோமோட்டர் தைரியம் சொல்லியிருக்கிறார். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில், நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு ஒரு ரிசார்ட் கட்டினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதி மீறல் என்று உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அதை உறுதிசெய்தது, 2022-ல் இடிப்பு தொடங்கியது. அது வேறு சட்டம். ஆனால் கட்டி முடித்துவிட்டோமே என்பது இனி ஒரு வாதமே இல்லை என்பதற்கு அது போதும். ஹைதராபாத்தில் 2024-ல், ஆக்கிரமிப்புகளை அகற்றும் அரசு அமைப்பான ஹைட்ரா, தம்மிடிகுண்டா ஏரியின் முழு நீர்மட்டத்துக்குள்ளும் அதை ஒட்டியும் கட்டியதாகச் சொல்லி ஒரு பெரிய திருமண அரங்கையே இடித்துத் தள்ளியது.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் தங்கையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கடிதம் முழுக்க 'நாங்கள் இருவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அது அப்பா தாமே வாங்கிய சொத்து, உயில் இல்லை. அதனால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. பட்டாவில் பெயர் இல்லாததால் தங்கையின் உரிமை போய்விடாது, கல்யாணத்தின்போது போட்ட நகையாலும் போய்விடாது. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ஒப்பந்தமும் முழுமையாகாது. நல்ல புரோமோட்டராக இருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து இதை அவரே முதல் நாளில் கேட்டிருப்பார்.

அப்புறம் காகிதங்கள். கிராம 'அ' பதிவேட்டின் நகல், புலப்பட நகல், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டு நகல், 1974-க்கு முந்தைய மூலப் பத்திரங்களோடு வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்குங்கள். நீர்வளத் துறையிலோ ஒன்றிய அலுவலகத்திலோ உங்கள் ஏரியின் 'டேங்க் மெமாயர்' கேட்டு, தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். முழு நீர்மட்டம், கலங்கல் மட்டம், மதகுகள், கொள்ளளவு எல்லாம் அதில் இருக்கும். பிரிட்டிஷ் காலத்து இன்ஜினீயர்கள் தொடங்கிவைத்த அந்தப் பதிவேட்டுக்கு இன்றும் மாற்று இல்லை. அதில் உள்ள முழு நீர்மட்டத்தை வைத்து உங்கள் நிலத்தில் அளவு எடுத்துக் கல் நட்டுத் தரும்படி தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் சேர்த்து மனுக் கொடுங்கள்.

அந்தக் கோட்டுக்கு மேலே வரும் என்று நான் நினைக்கும் 40 சென்ட்தான் உங்கள் குடும்பத்தின் உண்மையான சொத்து. சாலை ஓரம், மேடு, மூவருக்கும் பங்கு பிரிக்கலாம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியோடு மனையாகவோ வீடாகவோ மாற்றலாம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள், முழு நீர்மட்டம் தெளிவாக இருந்தால் அது கிடைப்பதில் பெரிய சிக்கல் வராது. தம்பியின் பங்கை நீங்களோ தங்கையோ வாங்கிக்கொண்டு அவர் கடனை அடைக்க வழியிருக்கிறதா பாருங்கள். வில்லாக் கனவு காட்டும் தொகை வராதுதான், ஆனால் வருகிற பணம் கையில் நிற்கும். உள்வாய் 1 ஏக்கரை அப்படியே வைத்துக்கொண்டு புல்லுக்கோ கோடைப் பயிருக்கோ குத்தகை விடுங்கள். பின்னாளில் ஏரியை ஆழப்படுத்தவோ கரையைப் பலப்படுத்தவோ அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டால், பட்டா உறுதியாக இருக்கும்பட்சத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

உங்கள் ஊருக்கும் ஏரிக்கரையில் நடைபாதை, பெஞ்சு, விளக்கு எல்லாம் வந்தால் நன்றாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லாத ஆசை. கோவையில் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையை வைத்து அப்படிச் செய்திருக்கிறார்கள். சிமென்ட் அதிகம் என்ற விமர்சனம் அதன்மேல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் அது பொதுப் பணத்தில், பொது மக்களுக்காக வந்தது. உங்கள் ஊர்க் கரையில் நடைபாதை வேண்டுமென்றால் கிராம சபையில் கேளுங்கள். அதற்கு உள்வாயில் ஒரு லோடு மண்கூடத் தேவைப்படாது.

கடைசியாக அந்த 5 லட்சம். தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும். கூடவே, வெள்ளைத் தாள் ஒப்பந்தம் ரத்தாகிறது என்று உங்கள் மூவர் பெயரிலும் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கு முன் தம்பியிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: பவர் பத்திரம் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பவர் என்றால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று புரோமோட்டர் ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவைக் காட்டிச் சண்டைக்கு வரலாம். அப்படியொரு பவர் இருந்தால் இந்தப் பதிலை வைத்து நீங்களாக எதுவும் செய்யாமல், பத்திர நகலோடு ஒரு சிவில் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.